விற்கப்போகிற லேத்தில் கை வைக்கலாமா?



சித்தப்பாவின் லேத்தை விற்பது பற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. ஆளுக்கொரு யோசனை. என் கருத்தைக் கேட்டுத் தனியாகவும் நாலைந்து பேர் அழைத்தீர்கள். குழுவில் துண்டு துண்டாக எழுதினால் பாதிப் பேர் பாதியைத்தான் படிப்பீர்கள். அதனால் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று பட்டறையிலும் தொழிற்சாலையிலும் இருக்கிறீர்கள். நானோ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவன். லேத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி விடுமுறைகளில் சித்தப்பா பக்கத்தில் நின்று கற்றதுதான். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துடைக்கலாம், எண்ணெய் போடலாம், வயரிங்கை மாற்றலாம். அதற்கு மேல் விற்பதற்காக என்று அந்த லேத்தில் எதையும் மாற்றக் கூடாது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

பேரப்பிள்ளைகளுக்காக முதலில் லேத் என்றால் என்ன என்று சொல்கிறேன். கடைசல் இயந்திரம். இரும்பையோ பித்தளையையோ சக்கில் பிடித்துச் சுழலவிட்டு, உளியை மெல்ல நகர்த்தி, வேண்டாததைச் சீவி எடுப்பது. பம்பின் புஷ், படகு எஞ்சினின் ஷாஃப்ட், போல்ட்டின் மரை எல்லாம் அதில்தான் பிறக்கின்றன. தெருமுனைப் பட்டறையில் நீங்கள் பார்ப்பது ஆறடி, எட்டடி நீள லேத். சித்தப்பாவுடையது மேசைமேல் வைக்கிற சின்ன லேத். இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்திலுள்ள பீஸ்டன் என்ற ஊரில் செய்த மைஃபோர்டு எம்.எல்.7. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்த மாடல். பெயரில் உள்ள 7 அதில் சுழலக்கூடிய பொருளின் விட்டம், ஏழு அங்குலம். வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காக ரயில் எஞ்சின் பொம்மையும் கடிகாரமும் செய்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது.

அது வேதாரண்யத்துக்கு வந்த வழி நம் தஞ்சைச் சீமையில் பல குடும்பங்களுக்குத் தெரிந்த வழிதான். சித்தப்பா சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தார். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் அங்கிருந்து கிளம்பியபோது, ஒரு வெள்ளைக்காரரிடம் பழையதாக இதை வாங்கிப் பெட்டியில் அடித்து, ரஜூலா கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கினார். மற்றவர்கள் டிரான்சிஸ்டரும் சேலையும் கொண்டுவந்தபோது இவர் இரும்பைக் கொண்டுவந்தாரே என்று சித்தி இன்றைக்கும் சொல்வார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் அது நம் கொட்டகையில் ஓடியது. இப்போது சித்தப்பா இல்லை. சித்திக்கு மருந்துச் செலவு இருக்கிறது. லேத்தை விற்றுத்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குழுவில் வந்த யோசனைகள் இவை. முதலாவது, மோட்டாரை எடுத்துவிட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் போட்டு, வேகத்தைக் குமிழைத் திருகி மாற்றுகிற மாதிரி செய்வது. இரண்டாவது, பெட்டில் துளை போட்டு டிஜிட்டல் அளவுமானியைப் பொருத்துவது. மூன்றாவது, லீட் ஸ்க்ரூவை மில்லிமீட்டருக்கு மாற்றுவது. நான்காவது, பெட்டைக் கிரைண்டிங் கொடுத்து, புட்டி பூசி, புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று படம் எடுத்துப் போடுவது. ஐந்தாவது யோசனை காயலான் கடை. எடைக்குப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது.

ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

வி.எஃப்.டி. யோசனை கோயம்புத்தூர் மருமகனுடையது. மோட்டார் விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரர் சொல்லைத் தட்டக் கூடாதுதான். நல்ல வசதி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த லேத்தில் சக் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பிண்டிலின் மூக்கில் மரை இருக்கிறது. ஒன்றே கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவான தடிமன், அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை. அதில் சக்கைத் திருகி ஏற்றுகிறோம், அவ்வளவுதான். முன்பக்கமாகச் சுழலும்வரை இறுகிக்கொண்டே இருக்கும். வி.எஃப்.டி.யில் ஒரு பொத்தானில் சட்டென்று நிறுத்தலாம், பின்பக்கமாகவும் சுழற்றலாம். அப்படிச் செய்தால் ஸ்பிண்டில் நின்ற பிறகும் சக் தன் வேகத்தில் சுழன்று கழன்று வரும். கனமான இரும்பு மடியில் வந்து விழும். இது தெரிந்தவர் வி.எஃப்.டி.யில் நிற்கிற நேரத்தை நீட்டிவைத்து, பின்சுழற்சியைப் பூட்டி வைத்துக்கொள்வார். தெரியாதவர் கையில் கொடுத்து, “மாடர்னாக்கிக் கொடுத்திருக்கிறோம், கூடுதலாகக் கொடுங்கள்” என்று கேட்பது எப்படிச் சரியாகும்? வாங்குபவருக்கு வேண்டுமென்றால் அவரே போட்டுக்கொள்வார். மோட்டார் நாலு போல்ட்டில்தான் நிற்கிறது.

டிஜிட்டல் அளவுமானி. வார்ப்பிரும்பில் ஒருமுறை துளை போட்டால் போட்டதுதான். வாங்குகிறவர் வேறு அளவில், வேறு இடத்தில் அதை வைக்க நினைக்கலாம், அல்லது அது வேண்டாம் என்றே நினைக்கலாம். நாம் போட்ட துளை அவருக்கு வெறும் ஓட்டை.

லீட் ஸ்க்ரூ. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, வாத்தியார் என்பதால் விடமாட்டேன். இந்த லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு எட்டு மரை. மில்லிமீட்டர் மரை துல்லியமாக வெட்ட வேண்டுமென்றால் அங்குலத்தை மில்லிமீட்டராக்க வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். புள்ளி போக ஐந்தால் பெருக்குங்கள், 127. ஆறாம் வகுப்பில் பகா எண் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? 127 பகா எண். அதை உடைத்துச் சின்னச் சக்கரங்களாக்க முடியாது. அதனால் 127 பல் உள்ள ஒரு சக்கரமே வேண்டும். அது இருந்தால் லீட் ஸ்க்ரூவைத் தொடாமலே மில்லிமீட்டர் மரை வெட்டலாம். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-இல். ஆனாலும் இன்றும் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்றுதான் கடையில் கேட்கிறோம். குழாய் மரையும் அங்குலக் கணக்குதான். லீட் ஸ்க்ரூவையே மாற்றிவிட்டால் மில்லிமீட்டர் சுலபமாகும், அங்குலம் கஷ்டமாகும். எது தேவை என்பது வாங்குபவரின் வேலையைப் பொறுத்தது. அந்த வேலை என்ன என்று நமக்கு எப்படித் தெரியும்?

கிரைண்டிங்கும் பெயிண்டும்தான் எனக்கு அதிகம் உறுத்துகிற யோசனை. நம் ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் அகஸ்தியன்பள்ளி உப்பளம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். இரும்பின்மேல் படிந்த உப்புத் தூசியும் அப்படியே கசிந்து துருவைக் கிளப்பும். இந்த ஊரில் ஐம்பது ஆண்டு அந்த லேத் துருப்பிடித்துப் போகாமல் இருந்ததற்குக் காரணம் சித்தப்பாவின் எண்ணெய்த் துணி. தினமும் வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு, கிரீஸ் பூசி, சாக்கால் மூடுவார். இப்போது மேலே தெரிவது லேசான செந்துரு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். உப்புத்தாளை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் பொடி சாடிலுக்கு அடியில் புகுந்தால், அடுத்து நகர்த்தும்போதெல்லாம் அரம் மாதிரி அராவும். புளி போட்டுத் தேய்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பித்தளைக் குடத்துக்குச் சரி. இரும்பு பெட்டின்மேல் புளிப்பு வேண்டாம்.

பெயிண்டில் இன்னொரு சங்கடம். இந்த லேத்தில் எண்ணெய் விடுவதற்குச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அவசரப் பெயிண்டில் முதலில் அடைபடுவது அவைதான். ஸ்பிண்டில் சுழல்வது பால் பேரிங்கில் அல்ல, வெள்ளை உலோகப் பேரிங்கில். எண்ணெய் போகாவிட்டால் வெள்ளை உலோகம் சீக்கிரம் கெட்டுவிடும். லூஸ் விழுந்தால் இறுக்குவதற்கு, பேரிங் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகளை அடுக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு தகட்டை உரித்தெடுத்தால் இறுகும். செய்தவனே விட்டுவைத்த வழி இது. இதைச் செய்வது பழுதுபார்ப்பு, மாற்றம் அல்ல.

இந்த வேறுபாட்டுக்குத்தான் வருகிறேன். நம் பக்கத்தில் இரண்டு உதாரணம் இருக்கிறது.

ஒன்று வீணை. தஞ்சாவூர் வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் பதித்திருக்கும். நாளாக ஆக மெழுகு இளகும், சுரம் விலகும். மேளம் கட்டுகிறவர் பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து மெட்டுகளைச் சரிசெய்வார். நூறு முறை செய்தாலும் பலாமரத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று கோயில். திருப்பணி என்ற பெயரில் பழைய கற்றளிகளின்மேல் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்கள். கல் பளிச்சென்று ஆனது. கல்வெட்டு எழுத்துகளும் சிற்பத்தின் நுணுக்கமும் மழுங்கின. எதிர்ப்பு வந்து பிறகு அதைத் தடுத்தார்கள். போன எழுத்து போனதுதான். லேத்தில் தகட்டை உரிப்பது மெழுகு வேலை. பெட்டைக் கிரைண்டிங் கொடுப்பது மணல் வேலை.

அப்படியென்றால் பழைய இயந்திரத்தில் மாற்றமே செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. சித்தப்பாவே மாற்றியிருக்கிறார். ஸ்பிண்டிலின் பின்துளையில் செருகுகிற மாதிரி பழைய சைக்கிள் பெடல் கட்டையில் ஒரு கைப்பிடி செய்து வைத்திருந்தார். மெல்ல மரை வெட்டுவதற்கென்று செய்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் ஊரைப் புரட்டிப்போட்டு, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போது அந்தக் கைப்பிடியைச் சுற்றித்தான் பக்கத்துத் தெருக் கைப்பம்புக்குப் பித்தளை புஷ் கடைந்து கொடுத்தார். அது மாற்றம்தான். ஆனால் அந்த லேத்தில் வேலை செய்கிறவர், தன் வேலைக்காக, தன் கையால் செய்த மாற்றம். மறுநாள் அதில் நின்று வேலை செய்யப்போவதும் அவர்தான். கெட்டால் நஷ்டம் அவருக்கு.

விற்பவன் செய்கிற மாற்றம் வேறு. அவன் அதில் வேலை செய்யப்போவதில்லை. வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்கிறான். நன்றாக வந்தால் பணம் அவனுக்கு, மோசமாகப் போனால் கஷ்டம் அடுத்தவருக்கு. என் கருத்து இதுதான்: இயந்திரத்தை மாற்றும் உரிமை அதில் வேலை செய்கிறவருக்கு. விற்கிற அன்று அந்த உரிமை நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

இது வெறும் தர்மம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விற்பவர் ஒரு குறையைச் சொல்லாமல் சும்மா இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் தெரிந்த ஒரு குறையை முனைந்து மறைப்பது மோசடி. வாய்மூடி இருப்பது வேறு, விரிசல்மேல் புட்டி பூசுவது வேறு. நாம் இரண்டுமே செய்ய வேண்டாம் என்பது என் பக்கம்.

இனி சித்தியின் பக்கம். “வாத்தியார் சொல்வதெல்லாம் சரி, மருந்துக் கடைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டு மருந்து தருவாரா?” என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் பழமைக்கென்றே விலை கொடுப்பவர்கள் உண்டு, நம் ஊரில் யார் தருவார்கள்? சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார், வி.எஃப்.டி., அளவுமானி, கிரைண்டிங், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் முதலில் பணம் போட வேண்டியது சித்திதான். திரும்பி வருமா? இதை வாங்க யார் வருவார்கள்? பிழைப்புக்குப் பட்டறை வைத்திருப்பவருக்கு ஏழு அங்குல லேத் பற்றாது. அவர் பழைய எச்.எம்.டி.யோ கிர்லோஸ்கரோ தேடுவார். எவ்வளவு அலங்காரம் செய்தாலும் அவர் நமக்கு வாடிக்கையாளர் இல்லை. மற்றவர் பொழுதுபோக்காக இயந்திர வேலை செய்கிறவர். அவருக்கு லேத்தைப் பிரித்துச் சரிசெய்வதே பாதி இன்பம். புதுப் பெயிண்டைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம்தான் வரும். ஆக இரண்டு பேரிடமும் அந்தச் செலவு எடுபடாது. அவருக்கு வேண்டியது உண்மையான நிலவரமும் கூட வருகிற சாமான்களும். சித்தப்பா ஒன்றையும் தொலைக்கவில்லை. மாற்றுப் பல்சக்கரங்கள், இரண்டு சக், நிலைத்தாங்கி, கூடவே வந்த கையேடு எல்லாம் தகர டப்பாக்களில் இருக்கின்றன. விலை அங்கேதான் இருக்கிறது. பீஸ்டன் ஆலை 2011-இல் மூடிவிட்டது. பெயரை வாங்கியவர்கள் உதிரிபாகம் விற்கிறார்கள், ஆனால் கப்பல் கூலி கட்டி இங்கே வரவழைப்பது எல்லோராலும் ஆகாது. ஒரு பல்சக்கரம்கூட இங்கே பொருள்தான். காயலான் கடையில் இந்த டப்பாக்களும் எடைக்குத்தான் போகும். அதனால்தான் ஐந்தாவது யோசனையும் வேண்டாம் என்கிறேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு, உயிர் சம்பந்தப்பட்டது. மோட்டாருக்குப் போகிற பழைய வயரின் உறை விரலால் தொட்டால் உதிர்கிறது. எர்த் இல்லை. இதைச் சரிசெய்யாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. புது வயர், எர்த், நல்ல சுவிட்ச் போட்டே ஆகவேண்டும். பெல்ட் மூடி கழற்றிக் கிடக்கிறது, அதைத் திரும்ப மாட்ட வேண்டும். 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. வீட்டுக் கொட்டகைக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியவை என்று நான் நினைப்பது:

1. மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது. எல்லா எண்ணெய்த் துளையிலும் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்ப்பது. பெயர்த்தகட்டையும் பெட்டில் பொறித்த வரிசை எண்ணையும் தேய்க்காமல் விடுவது.

2. வயர், எர்த், சுவிட்ச், பெல்ட் மூடி.

3. ஒரு சோதனைத் துண்டு கடைவது. இதைத் தம்பியும் நானும் போன ஞாயிறு செய்துவிட்டோம். ரசமட்டம் வைத்து மேசையைச் சரிசெய்த பிறகு, 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய சீவலாக எடுத்து, இரு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்தோம். சக் பக்கம் 0.04 மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். சக்குக்கு அருகேதான் சாடில் அதிகம் ஓடும், அங்கேதான் பெட் தேயும். அந்தத் தேய்மானம் இதில் தெரிகிறது. அந்தத் துண்டையே வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம்.

4. குறைகளை ஒரு தாளில் எழுதுவது. தேய்மானம், குறுக்குத் திருகில் உள்ள லூஸ், நடுவில் ஒரு பல் சிதைந்த சக்கரம், எல்லாம். கூடவே ஒரு நல்ல செய்தியையும் எழுதலாம். இந்த மாடலில் சாடில் முன்பக்கத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. பின்பக்கத் தண்டவாளத்தின் வெளி விளிம்பு தேயாமல் அப்படியே இருக்கிறது. சாடிலின் பின்னால் ஒரு பட்டையைப் பொருத்தி அந்த விளிம்பைப் பிடிக்கவைத்தால் பழைய துல்லியம் பெரும்பாலும் திரும்பும். பின்னாளில் அந்தக் கம்பெனியே இந்த முறைக்கு மாறியது. அருமையான மாற்றம். ஆனால் வாங்குபவர் செய்ய வேண்டிய மாற்றம். தேய்மானத்தை அவர் தன் கண்ணால் பார்த்த பிறகு செய்யட்டும்.

5. சைக்கிள் கட்டைக் கைப்பிடியை லேத்தோடு கொடுப்பது. அதை எடுத்து நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று இருவர் கேட்டீர்கள். வேண்டாம். அலமாரியில் அதற்கு வேலை இல்லை.

யாருக்கு விற்பது என்பதும் ஒரு கேள்வி. நாகப்பட்டினத்தில் ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. 1928-இல் அது திருச்சி பொன்மலைக்குப் போனது. இயந்திரங்கள் போனால் கைத்தொழிலும் கூடவே போகும். நம் மாவட்டத்தில் இருந்த ஒரு பெரிய தொழிலை நாம் அப்படித்தான் இழந்தோம். அதனால் விலையில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், இங்கேயே யாராவது ஒரு பையனோ பெண்ணோ கற்றுக்கொள்ள வாங்கினால் எனக்குச் சந்தோஷம். ஆனால் இது என் ஆசைதான். பணம் சித்தியுடையது, முடிவும் அவருடையது. சென்னையிலிருந்து ஒருவர் நல்ல விலை கொடுத்தால் அவருக்கே போகட்டும்.

மருமகனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் யோசனையைக் குறைசொல்ல இவ்வளவு எழுதவில்லை, மாப்பிள்ளை. வி.எஃப்.டி.யைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. வாங்குபவர் கேட்டால் எப்படிப் பொருத்துவது, நிற்கிற நேரத்தை எவ்வளவு வைப்பது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதையும் குறைப்பட்டியலோடு சேர்த்துத் தகர டப்பாவில் வைத்துவிடலாம். இரும்பில் துளை போடுவதைவிட அந்தத் தாள் அவருக்குப் பெரிய உதவி.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொட்டகையில் வயரிங் வேலை. எலக்ட்ரீசியனாக இருக்கும் மாணவர் யாராவது ஊரில் இருந்தால் வாருங்கள். சித்தி இட்லி வைத்துக் காத்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
வேதாரண்யம்.